ஆற்றுக்குக் குளிக்கப் போனவர்கள்

கர்னல் அவர்களுக்கு,

இன்று காலை கடைக்கு ஒரு லாட் பனியன் வந்தது. நல்ல கனமான துணி, தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆர்டர் கேன்சலானதால் பாதி விலைக்குத் தள்ளிவிடக் கொண்டுவந்திருந்தார்கள். பண்டலைப் பிரித்தால் பட்டாளத்துப் பச்சை. "வேண்டாங்க, எடுத்துட்டுப் போங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கொண்டுவந்தவர் திருதிருவென்று முழித்தார். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், "கர்னலு போய்ச் சேர்ந்தும் நம்ம யாவாரத்தைக் கெடுக்கறாரு பாரு" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நீங்கள் கேட்காமலே போய்விட்ட ஒரு சேதி என்னிடம் இருக்கிறது.

திருப்பூர் காதர்பேட்டைக்கு, ஏற்றுமதியில் கழித்த செகண்ட்ஸ் பனியன் வாங்க ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்த நேரம் அது. முன்னால் என் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத், பின்னால் எங்கள் குடோன், ஒட்டினாற்போல் பக்கத்து நிட்டிங் யூனிட். ஷட்டருக்குக் கீழே குனிந்துதான் உள்ளே வந்தீர்கள், அவ்வளவு உயரம். மற்றவர்கள் பண்டலைக் குலைத்துப் போட்டுப் பேரம் பேசுவார்கள். நீங்களோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அணிவகுப்பைப் பார்வையிடுவது போலச் சுற்றி வந்தீர்கள். உங்கள் பெயர் என் வாயில் நுழையவில்லை. ஊரில் கர்னலாக இருந்தேன் என்றீர்கள், அதையே பிடித்துக்கொண்டேன். இரண்டு மூன்று நடை வந்துபோவதற்குள் எங்கள் தமிழையும் பிடித்துவிட்டீர்கள், அந்த 'ங்க'வோடு சேர்த்து.

"அக்கா, பச்சை வேண்டாங்க."

"ஏனுங்க கர்னலு, இந்த லாட்டுக்கு என்ன குறைச்சல்? தங்கமாட்ட இருக்குது!"

"தங்கமுங்க. ஆனா வேண்டாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பச்சை வேண்டாம் என்கிற நீங்கள், ஒவ்வொரு தடவையும் தொண்ணூறு சைஸ் வெள்ளைப் பனியன் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து, என் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போவீர்கள். "தம்பிக்கு" என்பீர்கள். ஒரு தடவைகூட அதை எடுத்துக்கொண்டு போனதில்லை.

கரண்ட் போன ஒரு மதியம். பக்கத்து மெஷின்கள் நின்று, ஊரே காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. அன்றுதான் சொன்னீர்கள். உங்கள் நாட்டில் உள்நாட்டுச் சண்டை. கலகக்காரர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று ஒரு சந்தையைக் கொளுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சந்தையில் காய்கறி விற்கும் பெண்கள்தான் அதிகம். உங்களுக்கு மனசு ஒப்பவில்லை. விடிந்ததும் உங்கள் ஆட்களைப் பச்சைச் சட்டையைக் கழற்றச் சொன்னீர்கள். எல்லோரும் வெறும் வெள்ளைப் பனியனோடு மேட்டிலிருந்து இறங்கி, ஆற்றைக் கடந்து, கலகக்காரர்களோடு போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். எதிரே இருந்தவர்கள் யூனிஃபார்ம் இல்லாததைப் பார்த்துச் சுடவில்லை. பின்னால் மேட்டில் பீரங்கிகளோடு இருந்த உங்கள் பட்டாளம், குளிக்கப் போகிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டது.

"பனியன் வந்த பெட்டியில திருப்பூருன்னு போட்டிருந்துச்சுங்க அக்கா. உங்க ஊருதான் ரெண்டு பக்கமும் எங்களக் காப்பாத்துச்சு."

போன இடத்திலும் ஒரு சந்தை எரிந்தது. இந்தத் தடவை கொளுத்தியவர்கள் உங்கள் புதுக் கூட்டாளிகள். இரண்டு பக்கமும் வேண்டாம் என்று நாட்டையே விட்டு வந்துவிட்டீர்கள். இதையெல்லாம் சாதாரணமாகத்தான் சொன்னீர்கள். தம்பியைப் பற்றிச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. அந்த மேட்டில் பீரங்கிகளுக்குப் பொறுப்பாக இருந்தவரே உங்கள் தம்பி. சொன்னால் அவரும் மாட்டிக்கொள்வார் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பியிருக்கிறீர்கள். துரோகியின் தம்பி என்று அவரைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டார்கள். "நான் நல்லது செஞ்சனுங்க. அவன் ஜெயிலுக்குப் போனானுங்க" என்றீர்கள். டீ சொன்னேன்.

சண்டை முடிந்து தம்பி வெளியே வந்துவிட்டார் என்று உங்கள் ஊர்க்காரர் ஒருவர் போன் நம்பர் கொடுத்தார். அதன்பிறகு திருப்பூர் வரும்போதெல்லாம் என் பூத்துக்குள் போவீர்கள். நம்பரைப் போடுவீர்கள். அந்தப் பக்கம் ஹலோ கேட்டதும் உங்கள் தோள் இறங்கிவிடும். ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்பீர்கள், பிறகு மெதுவாக வைத்துவிடுவீர்கள்.

"ஏனுங்க, பட்டாளத்தையே நடத்துன ஆளு. ஒரு ஹலோ சொல்றதுக்கு இத்தன யோசனையா?"

"குண்டுக்குப் பயமில்லீங்க அக்கா. ஏண்டா என்னை விட்டுட்டுப் போனேன்னு அவன் கேட்டான்னா?"

அடுத்த தடவை பேசிவிடுவேன் என்றீர்கள். அந்த அடுத்த தடவைதான், வாடகை அறையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த சர்ச்காரர்கள் தங்கள் வீட்டு ஆள் போல உங்களை அடக்கம் செய்தார்கள், பாட்டுப் பாடினார்கள். உங்களுக்கு அந்தப் பாட்டு பிடித்திருக்கும்.

போன மாதம் அதே ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒருவர் வந்தார். நீங்கள்தானோ என்று எழுந்தேவிட்டேன். அதே மூக்கு, அதே நடை, உடம்பு மட்டும் பாதி. உங்கள் ஊர்க்காரரிடம் விசாரித்து, உங்கள் கல்லறைக்குப் போய்விட்டு வந்திருந்தார். என் வியாபார இங்கிலீஷை வைத்துச் சமாளித்தேன். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணன் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பனியன், ஆறு, குளிக்கப் போவதாக நினைத்து ஏமாந்த பட்டாளம். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"குளிக்கப் போகிறவன் பூட்ஸ் போட்டுக்கொண்டா போவான்? துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டா போவான்?" என்றார். "நான் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடட்டுமா என்று என் ஆள் கேட்டான். குளிக்கப் போகிறார்கள், விடு என்று சொன்னவன் நான்தான்."

கேட்டீர்களா கர்னல்? துரோகியின் தம்பி என்பதற்காக அவரைச் சிறையில் போடவில்லை. உங்களைச் சுடாமல் விட்டதற்காகப் போட்டார்கள். மேட்டுப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பனியன் யாரையும் காப்பாற்றவில்லை. எத்தனை பேரிடம் பெருமையாக அதைச் சொல்லித் திரிந்தீர்கள்!

மேல்தட்டில் இருந்த பனியன்களையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். ஜெயில் சாப்பாட்டில் கரைந்த உடம்பு. அதற்குள் இன்னொரு ஆள் புகலாம் போல இருந்தது. "அண்ணனுக்கு நான் இன்னும் பழைய தம்பிதான்" என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அப்போது டீ நேரம் முடிந்து பக்கத்து யூனிட்டில் மெஷின் ஓடத் தொடங்கியது. அவர் சட்டென்று தலையைத் திருப்பினார்.

"இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்" என்றார். "என் வீட்டுக்குப் போன் வரும். ஹலோ என்பேன். பதில் இருக்காது, பின்னால் இந்தச் சத்தம் மட்டும் ஓடும். அண்ணனோ என்று தோன்றும். அவரே முதலில் பேசட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டு நிற்பேன்."

அட கடவுளே! இரண்டு பேரும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, நடுவில் எங்கள் ஊர் மெஷினைப் பேசவிட்டிருக்கிறீர்கள். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ரிசீவரை வாங்கி, "உங்கண்ணன் இங்கதான் நிக்கறாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணன் தம்பி சமாச்சாரம், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். இன்றைக்கு வரை மனசு ஆறவில்லை.

பூத்தை எடுத்தாயிற்று. அந்தப் போன் மட்டும் கடையில் இருக்கிறது. யாராவது பேசாமல் இருந்தால், "யார்றா அது வேலையத்தவன்" என்று முன்பெல்லாம் கத்திவிட்டு வைப்பேன். நேற்றும் அப்படி ஒன்று வந்தது. "சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கறேன்" என்றேன். அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. அவராக வைக்கும்வரை நான் வைக்கவில்லை.