கால்மாட்டில் ஒரு முழம்

மார்ச் 4

பள்ளிச் சீருடை தைக்க வேண்டியது குவிந்து கிடக்கிறது. மெஷினில் பாபின் சிக்கிக்கொண்டு உயிரை வாங்குகிறது. காலையில் கொழுந்தனார் வந்தார். வாசலிலேயே நின்றார். அவருடைய அண்ணன் போனதிலிருந்து உள்ளே வருவதில்லை.

"புதைக்கவும் இல்ல, எரிக்கவும் இல்ல. அண்ணனைக் கூறு போடக் கொடுத்துட்டீங்களே அண்ணி."

நானா கொடுத்தேன்? உயிரோடு இருக்கும்போதே மருத்துவக் கல்லூரிக்கு உடம்பை எழுதிக்கொடுத்துவிட்டு வந்து, "ஏய் குட்டை, செத்தப்புறம் எனக்கு வேலை கிடைச்சிருக்கு. ரிட்டயர்மென்ட்டே கிடையாது"ன்னு சிரிச்ச மனுஷன் அவர். எதிலும் விளையாட்டு. கடைசியில் என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டார். நான் அந்த வாக்கைக் காப்பாற்றினேன்.

காப்பாற்றினேனா, அவரைக் கைவிட்டேனா? அதுதான் தெரியவில்லை.

மார்ச் 11

அங்கே அவரை எப்படி வைத்திருப்பார்கள்? மனுஷனாகவா, சாமானாகவா? இது தெரியாமல் சோறு இறங்காது.

மார்ச் 19

கல்லூரிக்கே போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

உடற்கூறியல் துறைப் பேராசிரியர் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவரைப் பார்க்க மட்டும் அனுமதி இல்லையாம். யார் எந்த மேசையில் என்று வீட்டாருக்குச் சொல்வதில்லை, மாணவர்களுக்கும் பெயர் தெரியாது.

"இங்க வந்தவங்க எல்லாரும் எங்களுக்கு ஒண்ணுதாம்மா."

"உங்களுக்கு எல்லாரும் ஒண்ணு. எனக்கு ஒருத்தர்தான்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

நடையில் ஓர் ஊழியர் தள்ளுவண்டியோடு எதிரே வந்தார். மேலே பிளாஸ்டிக் விரிப்பு, ஓரம் கிழிந்தது. அதற்கு வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பாதம். அவருடையது இல்லை. இத்தனை வருஷம் பார்த்த பாதம் எனக்குத் தெரியாதா? இது சின்னது, பொம்பளைப் பாதம், குதிகாலில் பித்தவெடிப்பு. யார் பெற்ற மகளோ.

வந்ததே எனக்குக் கோபம்! "ஒரு காலை மூட வக்கில்லையா உங்களுக்கு? இதுக்கா அந்த மனுஷன் எழுதிக் கொடுத்தாரு?" கட்டடமே அதிரக் கத்தினேன். பேராசிரியர் வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. வண்டியிடம் போய், தன் கையாலேயே விரிப்பை இழுத்து, அந்தப் பாதத்தை மூடினார்.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றார். என்னிடம் இல்லை. படுத்திருந்த அந்த அம்மாளிடம்.



மார்ச் 20

அந்தப் பாதம் கண்ணை விட்டுப் போகவில்லை.

கடையில் வாங்கிய போர்வை எதுவும் என் நெட்டைக்கு எட்டியதில்லை. ஸ்டூல் போடாமலே பல்பு மாற்றுகிற மனுஷன். தலையை மூடினால் கால் வெளியே, காலை மூடினால் தலை வெளியே. புதுப் போர்வை வந்தால் முதல் வேலையாகக் கால்மாட்டில் ஒரு முழம் ஒட்டுப் போட்டுத் தைப்பேன்.

அங்கே இருப்பதிலேயே அவர்தான் நீளமாக இருப்பார். அந்தப் பிளாஸ்டிக் அவருக்கு எந்த மூலைக்கு?

மார்ச் 23

பேராசிரியருக்கு ஃபோன் போட்டேன். முதலில் அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்பு. பிறகு, "போர்வை நான் தைச்சுத் தர்றேன். அந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் தூக்கிப் போடுங்க" என்றேன்.

"அது இல்லன்னா உடம்பு காய்ஞ்சுடும்மா. உள்ள ஈரத்துணி, அதுக்கு மேல பிளாஸ்டிக். நீங்க தைக்கிறது அதுக்கும் மேல இருக்கட்டும். எட்டு மேசை."

விஷயம் தெரியாமல் துள்ளியிருக்கிறேன். அசடு வழிந்தது. அவர் சிரித்துவிட்டு, "கத்துறதுக்கு ஒரு ஆள் வந்தீங்களே, அதுவே சந்தோஷம்" என்றார்.

எட்டில் எது அவருடையது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. எட்டையும் அவர் நீளத்துக்கே வெட்டப்போகிறேன். அவரை மூடினால் யாரையும் மூடும்.

ஏப்ரல் 2

வெள்ளைப் பருத்தி, கெட்டித் துணி. ஓரமெல்லாம் இரட்டை மடிப்பு.

ஒன்றில் மட்டும் ஓர் அடையாளத் தையல் போடலாமா என்று கை துறுதுறுத்தது. போட்டு? அது வேறு யார் மேலாவது போய் விழும். அப்படி விழுந்தால்தான் என்ன? அவர்களும் ஒரு வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிச் சண்டை போட்டவர்கள்தானே. கை இறுக்குது, கழுத்து பிடிக்குதுன்னு நச்சரிக்கிறவங்களுக்கே இவ்வளவு நாள் தைத்தேன். குறையே சொல்ல முடியாதவர்களுக்குத் தைப்பது இதுதான் முதல் தடவை. மெஷினை மிதிக்கும்போது ஏதோ பெரிய இடத்துக்குள் செருப்போடு நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஏப்ரல் 9

கொடுத்தாயிற்று.

ஜூலை 16

கொழுந்தனார் ஃபோன். "இன்னும் அங்கதான் இருக்காரா?"

"ஆமா."

போர்வை விஷயத்தைச் சொன்னேன், எட்டும் அண்ணன் நீளம் என்று. ஃபோனை வைத்துவிட்டார்.

பிப்ரவரி 24

கல்லூரியில் வருஷப் பாடம் முடிந்துவிட்டதாம். உடம்பைக் கொடுத்த குடும்பங்களுக்கு நன்றி சொல்லக் கூப்பிடுகிறார்கள். கொழுந்தனாரிடம் சொன்னேன். "நான் எதுக்கு?" என்றார்.

பிப்ரவரி 28

வந்தார்! இஸ்திரி போட்ட சட்டையோடு எனக்கு முன்னாலேயே கல்லூரி வாசலில் நின்றார்.

மாணவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பேச்சு, மைக் எதுவும் இல்லை. வெறுமனே தலை குனிந்து நின்றார்கள், வெகுநேரம். சின்னப் பிள்ளைகள். சிலருக்கு மீசைகூடச் சரியாக வரவில்லை.

அப்புறம் டீ. ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தைக்கிற அம்மா என்று மட்டும் யாரோ என்னைக் காட்டியிருக்கிறார்கள்.

"போர்வை தைச்சது நீங்கதானா ஆன்ட்டி? ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. ரொம்ப நீளம்! எல்லா மேசையிலயும் கால்மாட்டுல மடிச்சு மடிச்சு விடுவாங்க. எங்க மேசையில மட்டும்தான் அளவெடுத்துத் தைச்ச மாதிரி. மடிக்கவே வேண்டியதில்ல."

டீ என் புடவையில் சிந்தியது. கொழுந்தனார் சட்டென்று நிமிர்ந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

"அவர்கிட்ட என்னம்மா படிச்சீங்க?" என்று கேட்டேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்கேருந்து கைக்குப் போற நரம்பு ஆன்ட்டி. வெள்ளையா, நூல் மாதிரி. நாலஞ்சு இழையாப் பின்னி, பிரிஞ்சு, விரல் நுனி வரைக்கும் போகுது. அறுந்துடுமோன்னு பயந்து பயந்து பிரிச்சோம். ஒரு இழைகூட அறுக்கல. அவ்வளவு நீளக் கை! மத்த மேசைக்காரங்க எல்லாம் வந்து பார்த்தாங்க." கொஞ்சம் தயங்கினாள். "தினமும் மூடும்போது 'வர்றோம்ப்பா'ன்னு சொல்லிட்டுத்தான் போவோம். பேர் தெரியாதில்ல, அதான் அப்பா."

எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அம்மாடி! கழுத்திலிருந்து விரல் நுனி வரை, எங்கும் முடிச்சுப் போடாமல் ஓர் இழை. ஆயுசெல்லாம் நூலோடு கிடக்கிற எனக்கு அப்படி ஒரு தையல் வருமா? அந்தக் கையைத் தலைக்கு வைத்துத்தான் தூங்கினேன். அதற்குள்ளே இப்படி ஒரு வேலைப்பாடு ஓடுவது தெரியாமலே தூங்கியிருக்கிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது கொழுந்தனார் சொன்னார். "கூறு போடல அண்ணி. படிச்சிருக்காங்க."

மார்ச் 6

என் உடம்பையும் எழுதிக் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்து, படிவம் வாங்கி வந்தேன். நெருங்கின சொந்தம் ஒருவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு வேறு யார்? கொழுந்தனாரைக் கூப்பிட்டேன்.

வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"உங்க உசரத்துக்கு அந்தப் போர்வையைப் பாதிக்குப் பாதி மடிக்கணுமே அண்ணி."

"மடிக்கட்டும். அதுக்குத்தானே பிள்ளைங்க இருக்கு."

டீ போட எழுந்தபோதுதான் கவனித்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே அவருடைய அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.