உரிந்த கார்பனில் என் கட்டைவிரல்

நேற்று மருமகனின் பிறந்தநாளுக்காகச் சுபாங் ஜெயாவில் ஒரு கைக்கடிகாரக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் கறுப்பாக ஒன்றை எடுத்துக் காட்டி, "டைட்டேனியம் ஆன்டி, மேல கார்பன் கோட்டிங். கீறலே விழாது லா" என்றாள். யாரிடம் வந்து கதை அளக்கிறாள் பார் என்று உன்னைத்தான் திரும்பிப் பார்த்தேன். நீ போய் ஓராண்டு ஆகப் போகிறது. எனக்கு இன்னும் பழகவில்லை.

தொண்ணூறுகளில் அந்தப் பெட்டாலிங் ஜெயா ஆய்வுக்கூடத்தில் தமிழ்ப் பெண்கள் நாம் இரண்டு பேர்தான். நான் கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வருவேன். நீ பிரிக்பீல்ட்ஸிலிருந்து, நெற்றியில் திருநீறும் வாய் நிறையக் கேலியுமாக வருவாய். செயற்கை இடுப்பு மூட்டுக்கு டைட்டேனியக் கலவை நல்ல உலோகம். எடை குறைவு, உடம்பும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் உரசினால் தேய்ந்து கறுப்புத் தூளாகக் கொட்டும். அதன்மேல் கெட்டியான கார்பனை மெல்லிய தோலாகப் படியவைப்பது நம் வேலை. படியும், கொஞ்ச நேரத்தில் உரிந்துவிடும். முதலில் சிலிக்கானைப் பூசி அதன்மேல் கார்பனைப் படியவைக்கலாம் என்ற யோசனை உன்னுடையது. "ரெண்டும் ஒத்துப் போகாதுடி. நடுவுல ஒரு ஆள் பேசி விடணும் லா" என்றாய்.

உன் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிய இருந்தது. உன் முறைப்படி பூசிய டைட்டேனிய வட்டு ஒன்று தேய்மானச் சோதனையில் நின்றால் உனக்கு நிரந்தர வேலை. தீபாவளி முடிந்த வாரம் அது. நான் கொண்டுவந்த முறுக்கு டப்பாவை வெளியே காலி செய்துவிட்டு உள்ளே வந்தோம். இன்னும் பூசாமல் கழுவித் துடைத்து வைத்திருந்த வட்டைப் பூச்சு எந்திரத்துக்குள் வைக்கப் போனேன். இடுக்கியிலிருந்து நழுவியது. கையுறை மாட்டாத கையால் பிடித்துவிட்டேன். விரலின் எண்ணெய்ப் பிசுக்குப் பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாது, மறுபடியும் கழுவியிருக்க வேண்டும். ஒரு விநாடிதானே பட்டது என்று அப்படியே வைத்தேன். உன்னிடமும் சொல்லவில்லை.

சோதனை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கார்பன் உரிந்தது. உன் முகத்தில் ஈயாடவில்லை. நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய். உரிந்த இடத்தில் வரிவரியாக, சுழித்துக்கொண்டு, ஒரு கட்டைவிரல் ரேகை.

"அடிப்பாவி, முறுக்குத் தின்ன கையா இது?" என்று சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வந்தும் சிரித்தாய். அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். யார் தொட்டது என்று கேட்டார். "நான்தான் சார்" என்றாய். மாதக் கடைசியில் உன் மேசை காலியானது.

அடுத்த வட்டை உன் முறைப்படியே நான் பூசினேன், இந்தத் தடவை கையுறையோடு. சோதனை நாள்கணக்கில் ஓடியும் உரியவில்லை. உனக்குப் போன் பண்ணினேன். "உரியலையா? நெசமாவா?" என்று மூன்று தடவை கேட்டாய். அப்புறம் அழுதாய். அறிக்கையில் யார் பெயர் என்று நீ கேட்கவே இல்லை. என் பெயர்தான் இருந்தது.

பிறகு கிள்ளானில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாய். மத்தியானம் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், நான் சோறு போடும்போது, "கை கழுவினியா?" என்பாய். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

உன் சாவு வீட்டில் உன் மகளிடம், "நான் வாயைத் திறக்கறதுக்குள்ள உங்கம்மா முந்திக்கிட்டா" என்று சொன்னேன். இத்தனை வருஷமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்தேன். பொய்யடி. மேனேஜர் கேட்டதும் நீ பேசவில்லை. நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமல் நின்றாய். எனக்கு அவகாசம் கொடுத்தாய். என் வீட்டுக்காரர் வேலையில்லாமல் இருந்த நேரம். அது உனக்கும் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தச் சில விநாடிகளை என்னால் எங்கேயும் இறக்கிவைக்க முடியவில்லை.

மேனேஜர் இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் நீ நிமிர்ந்தாய்.