பூசைப் பாறையின் காவல்

ஜூலை 28
சாலை அளவெடுப்பு முடிந்தது. மூன்றாவது நாளாக உருளைக்கிழங்கு.

என் மனைவி டெர்வ்லாவின் அண்ணன் கோர்மாக் வந்தான். ஆகஸ்ட் 15, பூசைப் பாறையில் பூசை. முன்னொரு காலத்தில் கத்தோலிக்கப் பூசையைச் சட்டம் தடுத்தபோது ஊர் ஒளிந்து கூடிய இடம் அது. அங்கே காவல் நிற்பது இவர்கள் குடும்பத்து உரிமை. மேட்டில் பாறைக்கு முதுகைக் காட்டி நின்று, தெரியாத வண்டி வந்தால் விசில் அடிக்கணும். பன்னிரண்டு வயதிலிருந்து அவள்தான் நின்றாள். பிப்ரவரியில் போய்விட்டாள்.

"என் முழங்கால் போச்சு மாப்ள. நீ நிக்கலன்னா காவல் உரிமை டூமி வீட்டுக்குப் போயிடும்."

அடக்கத்துக்குப் பிறகு பூசை பக்கமே போகவில்லை, பார்க்க முடியாது என்றேன்.

"பூசையப் பாக்க யாரு கூப்ட்டா? முதுகத்தான காட்டணும்."

ஆகஸ்ட் 2
விசில் வரல. காத்துதான் வருது.

ஆகஸ்ட் 6
அளவெடுக்கும் கருவியை மேட்டில் வைத்தேன். 640 மீட்டர் சாலை தெரிகிறது. வண்டி வந்துசேர நாற்பது நொடி. கோர்மாக்கிடம் சொன்னேன்.

"அவ இதெல்லாம் அளந்தாளா? ரெண்டு விரல வாயில வச்சா மாடே திரும்பும்."

ஆகஸ்ட் 11
சமையலறையில் விசில் வந்துவிட்டது! பக்கத்து வீட்டு நாய் ஓடிவந்தது. நான் ஏன் அவ நாற்காலியப் பாத்தேன்? சரி, விடு.

ஆகஸ்ட் 15
தூறல். அறுபது பேர். எல்லார் பையிலும் சீட்டுக்கட்டு. விசில் கேட்டால் பலிபீடத் துணியை மறைத்துவிட்டுச் சீட்டாட உட்காரணும், அதுதான் வழக்கம்.

பதினொன்றாகியும் சாமியார் வரவில்லை. வளைவில் தெரியாத வெள்ளை கார். விசில் அடித்தேன். என் காதே அடைத்தது.

காரிலிருந்து சாமியார் இறங்கினார். சொந்த வண்டி மக்கர் பண்ணியதாம், அக்கா வண்டியில் வந்திருக்கிறார். திரும்பிப் பார்த்தால் துணியைக் காணோம். அறுபது பேரும் சீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டூமி வீட்டம்மா தலையைத் தூக்காமல் கேட்டார்:

"யாருங்க நீங்க? என்ன விஷயமா வந்தீங்க?"

"ஒரு கை போடுங்க, நானும் ஆடறேன்," என்றார் சாமியார்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். நானா?

பிறகு பூசை. திரும்பவே இல்லை. இறந்தவர்கள் பெயர்களை வாசித்தபோது அவள் பெயரும் வந்தது. முதுகில் கேட்டேன். எதிரே காலிச் சாலை. யாரையோ எதிர்பார்த்த மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது டூமி வீட்டம்மா, "அவளோடதவிட சத்தம் கம்மிதான்," என்றார். ஆமா என்றேன்.

ஆகஸ்ட் 17
மீன் வாங்கிப் பொரித்தேன். அலுவலகத்தில் அடுத்த வருஷம் ஆகஸ்ட் 15க்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இவ்வளவு சீக்கிரமா என்று கேட்டார்கள். டூமி வீட்டுக்கு விட முடியாது என்றேன்.