ஹம்தி சொல்லாத பெயர்கள்

ஜனவரி 14, செவ்வாய்

ஹம்தி வந்து ஒரு கிழமை ஆகிறது. இன்னும் ஜக்கெற்றைக் கழற்றாமல்தான் சாப்பிடுகிறாள். எட்டு வயதுப் பிள்ளை, யாராவது கூப்பிட்டால் உடனே எழும்பிப் போக ஆயத்தமாக இருப்பதுபோல.

இன்று சிறுவர் நலச் சங்கத்திலிருந்து பேர்ணடெற் வந்தாள். ஹம்தியின் விஷயங்களுக்குப் பொறுப்பானவள். மன்னாரைச் சேர்ந்த தமிழ்ப் பெண், என்னைவிட இளையவள். நானும் ராகுலனும் வளர்ப்புப் பெற்றோராகப் பதிந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு எங்களிடம் வந்த முதல் பிள்ளை ஹம்தி. ஹம்தியின் தாய் சோமாலியாவிலிருந்து பிள்ளையோடு நாடு நாடாகக் கடந்து, போன வருடம்தான் இங்கே வந்து சேர்ந்தாள். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வருமுன்னமே புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. தகப்பன் அங்கேயே குண்டுவெடிப்பில் இறந்தவர். தாய் வேறு யாருடைய பாஸ்போட்டிலோ வந்தபடியால் உறவினரைத் தேட ஒரு நுனியும் அகப்படவில்லையாம். சோமாலி வீடொன்று கிடைக்கும்வரை எங்களோடு இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

"அக்கா, பிள்ளை தன்ரை ஆக்கள் ஆரெண்டு மறந்துபோகக் கூடாது. அவையின்ரை சரித்திரம், கதை, சாப்பாடு, எல்லாம் கொஞ்சம் தேடிப் படியுங்கோ" என்றாள்.

ஓம் என்று தலையாட்டினேன். எனக்குத் தெரிந்தது என்ன? கடற்கொள்ளைக்காரர். பஞ்சம். அதற்குமேல் ஒன்றுமில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம். எதைக் கேட்டால் இந்தப் பிள்ளைக்கு வலிக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஜனவரி 18, சனி

இணையத்தில் 'சோமாலியச் சரித்திரம்' என்று தேடினேன். போர், போர், போர். ஒரு வீடியோவைத் தட்டிவிட்டேன், சத்தத்தைக் குறைக்க மறந்துபோனேன். வெடிச்சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க ஹம்தி கதிரையில் இல்லை. சாப்பாட்டு மேசைக்குக் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு.

நான் என்ன செய்தன்! கடவுளே, என்ன வேலை செய்தன்!

மேசைக்கு அடியில் நானும் போய் இருந்தேன். ராகுலன் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தானும் குனிந்து உள்ளே வந்தார். மூவரும் நெடுநேரம் அப்படியே இருந்தோம்.

ஜனவரி 25, சனி

எங்கள் ஊரான ஸ்ரௌவ்வில்லின் நூலகத்தில் சோமாலியா பற்றி இருந்தது கொடியும் படமுமாக ஒரு சின்னப் பிள்ளைகளின் புத்தகம் மட்டும். வேறு கிளைகளிலிருந்து இரண்டு புத்தகம் எடுப்பித்துத் தந்தார்கள். ஒன்று அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரி எழுதியது. மனிதரைப் பற்றியா மாடுகளைப் பற்றியா எழுதுகிறார் என்று தெரியவில்லை. பத்துப் பக்கத்தில் மூடிவிட்டேன். இதை எப்படி அவளுக்கு வாசித்துக் காட்டுவது?

மற்றது பரவாயில்லை. பதினான்காம் நூற்றாண்டில் ஒரு பயணி மொகடிஷுவில் இறங்குகிறார். அங்கே நெய்த துணி எகிப்துவரை போனதாம். அவருக்குப் போட்ட சாப்பாடு நெய்ச்சோறு, எலுமிச்சை ஊறுகாய், மாங்காய், பச்சை இஞ்சி. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டுப் பந்திதானே!

அதை ஹம்திக்கு இங்கிலிஸில் வாசித்தேன். அசையாமல் கேட்டாள். மத்தியானம் சோறு போட்டபோது பழக்கூடையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, உரித்து, சோற்றோடு பிசைந்து சாப்பிட்டாள். வந்த நாளிலிருந்து எதையும் அவளாக எடுத்தது இதுதான் முதல் தடவை.

பெப்ரவரி 3, திங்கள்

தொண்ணூற்றோராம் ஆண்டுப் போரைப் பற்றிய அதிகாரத்தை வேலையிடத்தில், மத்தியான இடைவேளையில் வாசித்தேன். அரசாங்கம் விழுந்தபிறகு தெருவுக்குத் தெரு தடை போட்டு நின்றார்களாம். துவக்கு வைத்திருப்பவன் வருகிறவனை நிறுத்தி, 'உன் தகப்பன் பெயரைச் சொல், அவன் தகப்பன் பெயரைச் சொல்' என்று கேட்பானாம். பெயர்களை வைத்து எந்தக் குலம் என்று கண்டுபிடித்து, விடுவதா சுடுவதா என்று அங்கேயே முடிவு.

அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. என்னுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கும். கொழும்பில் ஒவ்வொரு தடையிலும் அந்த ஒரு சொல்லில் ஆமிக்காரனின் கண் போய் நிற்கும். அவன் அட்டையைத் திருப்பித் தரும்வரை மூச்சு விடமாட்டேன். இத்தனை வருடம் கழித்து, பிளாஸாவுக்குள் இருக்கிற பல் டொக்ரரின் வரவேற்பறையில் இருந்துகொண்டு, கைப்பைக்குள் இல்லாத அந்த அட்டையைத் தேடுகிறேன்.

பெப்ரவரி 13, வியாழன்

ஸ்நோ கொட்டித் தள்ளிவிட்டது. பள்ளிக்கூடம் இல்லை.

ஹம்தி குளித்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே துவாயோடு நின்றேன். உள்ளே தண்ணீர்ச் சத்தத்தோடு ஒரு முணுமுணுப்பு. பாட்டுமில்லை, பேச்சுமில்லை. சொல் சொல்லாக, ஒரே ஒழுங்கில். முடிந்ததும் திரும்பத் தொடக்கத்திலிருந்து. ஏதோ பிரார்த்தனை என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும், "வடிவாய் இருந்தது, என்ன அது?" என்று கேட்டுவிட்டேன். அவள் தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். தலையிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக, கையை எடுக்கவேயில்லை.

எட்டு வயதுப் பிள்ளை ஏன் தன்னுடைய வாய்க்குப் பயப்பட வேண்டும்?

பெப்ரவரி 22, சனி

எற்றோபிக்கோவில், டிக்ஸன் ரோட்டுப் பக்கம், சனிக்கிழமைகளில் சோமாலிப் பிள்ளைகளுக்கு மொழி வகுப்பு நடக்கிறது. பேர்ணடெற் விசாரித்துச் சொன்னாள். ஹம்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். நடத்துகிற சஹ்ராவுக்கு என் வயதுதான் இருக்கும். மற்ற நாட்களில் வங்கியில் வேலையாம். ஹம்தி மற்றப் பிள்ளைகளோடு இருக்க, நான் சஹ்ராவிடம் புத்தகங்கள் கேட்டேன். நல்லதாக நாலைந்து சொன்னாள். பிறகு குளியலறை முணுமுணுப்பைப் பற்றிச் சொன்னேன்.

அவள் கையிலிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்தாள்.

"அது பிரார்த்தனை இல்லை. தகப்பன், தகப்பனின் தகப்பன், அவருடைய தகப்பன்... எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் பாடமாக்குவது அதைத்தான். எங்கள் மொழிக்கு அரசாங்க எழுத்து எழுபத்திரண்டாம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முந்தினதெல்லாம் வாயில்தான் இருந்தது."

"அப்ப அந்தப் பெயர்களை வைச்சு..."

"ஒரு நாளில் அவளுடைய ஆட்களைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் நீங்கள் அவளை வற்புறுத்திக் கேட்கக் கூடாது." குரலைத் தாழ்த்தினாள். "அந்தத் தாய் யாரிடமிருந்து தப்பி ஓடினாள் என்று எங்களுக்குத் தெரியாது. அந்தப் பெயர்களுக்குச் சொந்தக்காரரிடமிருந்தாகவும் இருக்கலாம்."

நாலு நூற்றொன்று நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது இரண்டு தடவை பார்க்காமல் லேன் மாறி, பின்னால் வந்தவர்களிடம் ஹோர்ன் வாங்கினேன். பின் சீற்றில் ஹம்தி நித்திரை. பெயர்களின் விஷயத்தைச் சங்கத்துக்குச் சொன்னால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள். கொண்டுபோய் யாரிடம் கொடுப்பார்கள்? சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் நான் யார்?

பெப்ரவரி 23, ஞாயிறு

ராகுலனிடம் சொன்னேன். "உனக்கு எது பயம், துர்க்கா? பிள்ளைக்கு ஏதும் நடந்திடுமெண்டோ, பிள்ளை போயிடுமெண்டோ?" என்று கேட்டார். கழுவின கோப்பைகளையே திரும்பவும் கழுவினேன்.

பெப்ரவரி 24, திங்கள்

பேர்ணடெற்றுக்குப் போன் எடுத்துப் பெயர்களின் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். தாய் யாருக்குப் பயந்தாள் என்பதையும் விசாரிக்கச் சொன்னேன். "வடிவாய் விசாரிக்காமல் ஒருத்தரிட்டையும் குடுக்கமாட்டம், அக்கா" என்றாள்.

மார்ச் 1, சனி

நோன்பு தொடக்கம். ஹம்தியும் பிடிக்கப் போகிறேன் என்று நின்றாள். சஹ்ராவிடம் கேட்டேன், சின்னப் பிள்ளைக்கு அரை நாள் போதும் என்றாள். மத்தியானம் பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு ஹம்தி தானாகக் கதைத்தாள்.

"பெயர்களை மறக்காமல் உனக்குள்ளே சொல்லிக்கொண்டே இரு, ஆனால் ரோட்டில் சொல்லாதே என்று அம்மா சொன்னவ."

"இது ரோட் இல்லை, ஹம்தி. வீடு."

யோசித்தாள். யன்னலால் வெளியே பார்த்தாள். எங்கள் தெருவில் ஒருவருமில்லை, ஸ்நோ மட்டும். பிறகும் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 15, சனி

நோன்பு திறக்க சஹ்ராவையும் பேர்ணடெற்றையும் கூப்பிட்டிருந்தேன். சஹ்ரா சம்பூஸா கொண்டுவந்தாள், இறைச்சி வைத்துப் பொரித்த முக்கோணப் பலகாரம். எங்கள் பற்றீஸின் அக்கா மாதிரி. சாப்பிட்டு முடிய ஹம்தி எழும்பி, கதவு பூட்டியிருக்கிறதா என்று போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்து, சஹ்ராவுக்கு முன்னால் நின்று சொன்னாள்.

ஹம்தி. மஹாத். வர்சமே. கூலேத். ஃபாரா...

போய்க்கொண்டே இருந்தது. இடறவில்லை. நான் நூலகம் நூலகமாகத் தேடின காலமெல்லாம் அந்தச் சின்னத் தொண்டையில் இருந்திருக்கிறது. முடிந்ததும் என் மடியில் ஏறி இருந்து, "இப்ப ஆரும் வருவினமா?" என்று தமிழில் கேட்டாள். எங்களிடமிருந்து பிடித்த தமிழ்.

எனக்கும் அதே கேள்விதான். எனக்கும் அதே பயம்தான்.

ஏப்ரல் 2, புதன்

பெயர்களை வைத்துச் சஹ்ராவும் சங்கமும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எட்மன்ரனில், விமானத்தில் நாலு மணித்தியாலத் தூரத்தில், ஒரு பெண். பெயர் ஸாஃபி. ஹம்தியின் தகப்பனின் தங்கையாம். தாய் யாரிடமிருந்தும் ஓடவில்லை, போரிலிருந்துதான் ஓடினாள் என்கிறாளாம். தாயும் அவளும் வழிநெடுகப் போனில் கதைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கொலம்பியாவுக்கு இந்தப் பக்கம் காட்டுக்குள் கொள்ளைக்காரர் தாயின் போனைப் பறித்துவிட்டார்கள், இலக்கமெல்லாம் அதோடு போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. இதெல்லாம் ஸாஃபி சொன்னது. பொய்யாக இருந்தால்? சங்கம் சோதிக்கிறது. பொலிஸ் பதிவு, வீடு, இரத்தம், எல்லாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

பள்ளிக்கூட வாசலில் ஒரு கறுப்பு வான் நின்றது. நான் ஓடிப்போய் ஹம்தியின் கையைப் பிடித்தேன். பீற்சா கொண்டுவந்தவன்.

இப்பிடியே போனால் எனக்கு விசர்தான் பிடிக்கும்.

ஏப்ரல் 26, சனி

இரத்தப் பரிசோதனை சரி, சொந்த மாமிதான். ஸாஃபி இன்று வந்தாள்.

மெலிந்த, உயரமான பெண். முதியோர் இல்லத்தில் தாதியாம். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றாள். ஹம்தி சோபாவுக்குப் பின்னால். பேர்ணடெற் கூப்பிட்டும் வரவில்லை. நானும் கூப்பிட்டேன். உண்மையாகத்தான் கூப்பிட்டேனா? தெரியாது.

ஸாஃபி நிலத்தில் இருந்தாள். ஹம்தி இருந்த பக்கம் பார்க்கவேயில்லை. தன் பாட்டுக்கு, வீட்டுச் சுவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஸாஃபி. வர்சமே. கூலேத். ஃபாரா."

அங்கே நிறுத்திவிட்டாள். வேண்டுமென்றுதான்.

சோபாவுக்குப் பின்னாலிருந்து அடுத்த பெயர் வந்தது. ஸாஃபி அதற்கு அடுத்ததைச் சொன்னாள். ஹம்தி அதற்கு அடுத்ததை. கடைசிப் பெயருக்கு வரும்போது பிள்ளை வெளியே வந்து நின்றது. ஸாஃபி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஹம்தி அழவில்லை, குனிந்து ஸாஃபியின் காதைத் தொட்டுப் பார்த்தாள். தகப்பனுக்கும் அந்த மாதிரிக் காதாம்.

நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஸாஃபி வந்தாள். இங்கிலிஸில்தான் கதைத்தோம். "பிளேனில் வரும்போது ஒரே பயம். நீங்கள் எப்படிப்பட்ட ஆட்களோ, பிள்ளையை அடிக்கிறீர்களோ, பசியோடு வைத்திருக்கிறீர்களோ என்று."

"நானும் உங்களை நினைச்சு அப்பிடித்தான் பயந்தனான்" என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு இங்கிலிஸில் திருப்பிச் சொன்னேன்.

மே 19, திங்கள்

பள்ளிக்கூடம் முடிய எட்மன்ரன் என்று முடிவு. ஹம்தியைக் கேட்டுத்தான் செய்தார்கள். ஓம் என்றாளாம். என்னைப் பார்க்காமல் சொன்னாளாம்.

ஜூன் 28, சனி

பியர்சன் விமான நிலையம். ஸாஃபி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். ஹம்தி இரண்டு தடவை திரும்பி வந்தாள். மூன்றாம் தடவை வரவில்லை.

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஒரு போனும் இல்லை. நானும் எடுக்கவில்லை. பிள்ளை அங்கே ஒட்டட்டும், நடுவில் நின்று இழுக்காதே என்று ராகுலன் சொல்கிறார். அவர் சொல்வது சரி. ஆனால் என்னை மறந்தால்? எட்டு வயதில் நாங்கள் எத்தனை பேரை மறந்திருப்போம்.

ஜூலை 19, சனி

மரக்கறி வாங்கிக்கொண்டு வெளியே வந்து காரில் ஏற, போன் அடித்தது. எட்மன்ரன் இலக்கம்.

ஸாஃபி. மூச்சு வாங்கிக்கொண்டு கதைத்தாள். ஹம்திக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், டொக்ரர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறாராம், ஆனால் ஒன்றும் குடிக்கமாட்டாளாம். "துர்க்கா அன்ரி தந்த தண்ணிதான் வேணும் என்கிறாள். எனக்கு அது என்ன என்று தெரியவில்லை. சொல்லுங்கள்."

மல்லியும் இஞ்சியும் வேர்க்கொம்பும் என்று சொன்னேன். வேர்க்கொம்பு என்றால் காய்ந்த இஞ்சிதான், சோமாலிக் கடையில் இருக்கும் என்றேன். எவ்வளவு கொதிக்க வேண்டும், எப்போது சீனி போட வேண்டும், எல்லாம் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். பின்னால் ஹம்தியின் குரல், "அன்ரி, நிறையச் சீனி" என்று.

"ஓகஸ்ட்டில் இரண்டு பேரும் வாருங்கள்" என்றாள் ஸாஃபி. "அறை இருக்கிறது. ஹொட்டேலில் நின்றீர்களென்றால் எனக்குக் கோபம் வரும்."

போனை வைத்தேன். ராகுலன் பைகளைப் பின்னால் வைத்துவிட்டு வந்து ஏறினார். என் முகத்தைப் பார்த்து, "என்ன, ஆர் எடுத்தது?" என்று கேட்டார்.

"எங்கடை ஆக்கள்" என்றேன்.