ஷவ்கி சொல்ல மறுத்த பெயர்

கெய்ரோ, மார்ச் 3, 2009

மூன்று முறை திருப்பி அனுப்பிய தணிக்கைக்காரர்கள் இன்று என் புதுப் படக் கதைக்கு அனுமதி முத்திரை போட்டுவிட்டார்கள். சிறுமிகளின் கல்யாணத்தைப் பற்றி எடுத்தேன், தடை. ரொட்டி வரிசையைப் பற்றி எடுத்தேன், ஒரே வாரத்தில் தியேட்டரை விட்டுத் தூக்கினார்கள். இதை விடமாட்டேன். கதை இதுதான்: ஞாபகம் தப்பிய ஓர் அம்மா இம்பாபா பேட்டையில் தொலைந்துபோகிறாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மகன் ரகப் அவள் பெயரைச் சொல்ல வேண்டும். வெட்கம், வாய் வரவில்லை. அம்மா பெயர் தெரிந்தால் தெருவே கேலி செய்யும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே அதை ஒளித்து வளர்ந்தவர்கள்தானே நாங்கள்.

மார்ச் 19

என்னை வாத்தியார் என்ற மரியாதையில் 'உஸ்தாஸ்' என்று கூப்பிடும் கதாநாயகன் ஷவ்கி ஒரே அடம். "உஸ்தாஸ், 'ரகபோட அம்மா'ன்னு சொன்னா புரியாதா? பேரைச் சொன்னேன்னா நாளைக்கு எங்க தெருப் பசங்க என்னை அதை வெச்சே கூப்பிடுவானுங்க."

தயாரிப்பாளர் மித்வல்லியும் அவன் பக்கம். "வக்தி, ஷவ்கி போனா நானும் போயிடுவேன்."

போகட்டும். பெயர் இல்லாமல் இந்தப் படம் கிடையாது.

மார்ச் 22

வெட்கக்கேடு.

மார்ச் 23

நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. படப்பிடிப்பில் எல்லோர் முன்னாலும் ஷவ்கி கேட்டான்: "அது சரி உஸ்தாஸ், உங்க அம்மா பேரு என்ன?"

அறுபது பேர் நின்றார்கள். என் வாய் திறக்கவில்லை. லைட்காரர்கள் சிரித்தார்கள். ஐம்பத்தெட்டு வயசு. முப்பது வருஷமா ஊருக்குப் புத்தி சொல்றேன் — என்ன மனுஷன் நான்?

நாளைக்கு முதல் வேலை அதுதான்.

மார்ச் 24

மெகாபோனை வாங்கி, "எங்க அம்மா பேரு பஹீகா" என்றேன். ஒருவன் மட்டும் சிரித்தான். ஷவ்கி அவனை முறைத்த முறைப்பில் அடங்கினான்.

"காமிராவை வைங்க உஸ்தாஸ்," என்றான் ஷவ்கி. பெயரைச் சொன்னான்; இரண்டாவது டேக்கிலேயே ஓகே.

மார்ச் 27, வெள்ளி

விஷயம் பத்திரிகைவரை போய்விட்டது. அண்ணன் போனில் கத்தினார்: "அம்மாவைச் சந்தையில நிறுத்திட்டியேடா!" மதியம் ஷுப்ராவில் அம்மா வீட்டுக்குப் பயந்துகொண்டே போனேன். முயல் கறியும் மொலோகியாக் கீரையும் பரிமாறினாள். நானே சொல்லிவிட்டேன்.

"எத்தனை பேரு இருந்தாங்க?"

"அறுபது பேரும்மா."

"அவ்வளவுதானா?" என்றாள்.

அக்டோபர் 14

படம் இன்று வெளியானது. அம்மாவைக் கூட்டிப் போனேன். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவரிடம், அவர் எதுவும் கேட்காமலே, அம்மா நின்று சொன்னாள்: "நான்தான் பஹீகா."