இங்கிலீஷுக்கு ஒரு 'ங்க'

1934 ஜூன் 3, ஞாயிறு.

சென்னைக் காலேஜ் செலவு எங்களுக்குக் கட்டாது. பாலக்காடு என்றால் மகள் வள்ளி என் தங்கை வீட்டில் தங்கிப் படித்துவிடுவாள். நாளை அங்கே காலேஜ் பிரின்சிபால் துரை, சேர்ப்பதற்கு முன் அவளை நேரில் அழைத்து இங்கிலீஷில் கேள்வி கேட்பார். அதற்காக இன்று நானே துரையாக உட்கார்ந்து கேட்டேன். கணக்கு, சரித்திரம், எதிலும் பிசகவில்லை. ஆனால் வாயைத் திறந்தால் "யெஸ்ங்க", "நோங்க" என்கிறாள்.

"இங்கிலீஷுக்கு 'ங்க' வேண்டாம் கண்ணு" என்றேன்.

"பெரியவங்ககிட்ட மொட்டையா எப்படிங்கப்பா பேசறது?"

"சார்னு சேத்திக்க. அவங்களுக்கு அதுதான் மரியாதை."

தலையாட்டினாள். மறுபடி முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தேன்.

"யெஸ் சாருங்க!"

இனி திருத்தப் போவதில்லை. இவளுக்கு இடம் கொடுக்காவிட்டால் நஷ்டம் துரைக்குத்தான்.