நாளைக் காலை கிளம்புகிறேன்

ஞாயிற்றுக்கிழமை, மதியம்
அலுவலகம், இரண்டாவது மாடி

அன்புள்ள டைலரம்மாவுக்கு,

நான் நலம். கை, கால், மூக்குக்கண்ணாடி எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. கட்டடத்துக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. மூன்றாவது மாடி இரண்டாவது மாடியைப் பார்க்கக் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. போன் இல்லை, கரண்ட் இல்லை, ரயில் இல்லை. ஆகவே கடிதம்.

கொண்டுவருபவர் நம் தெருப் பேப்பர்காரர்தான். பேப்பரே அச்சாகாதபோது எதற்கு அலைகிறார் என்று கேட்டேன். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் அவருக்குக் குடும்பம் இருக்கிறதாம். வியாழக்கிழமை நிலம் நடுங்கும்வரை யாருக்கும் தெரியாத விஷயம், இப்போது இரண்டு கரைக்கும் தெரியும். ரயில் பாலத்தின் மேல் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார். கடிதத்துக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொள்கிறார்.

நீயும் வாலுவும் வாசலில் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று அவர் சொல்லித்தான் மூச்சு வந்தது. அதாவது, தெருவில் எல்லாரும் வாசலில் இருக்கிறார்கள் என்றார். எல்லாரும் என்றால் நீங்களும்தானே.

என் கையேட்டை நினைவிருக்கிறதா? ‘பேரிடருக்குப் பின் நடந்து வீடு திரும்புதல்.’ நீ தையல் மெஷினுக்குக் கீழே முட்டுக்கொடுத்து வைத்திருந்தாயே, அதேதான். வருடத்துக்கு ஒருமுறை நான் சங்கு ஊதி எல்லாரையும் மாடியிலிருந்து இறக்கும்போது சிரித்தவர்கள், எனக்கு ‘சங்கு’ என்று பேர் வைத்தவர்கள், இப்போது வரிசையில் நின்று “சார், என் பையைக் கொஞ்சம் பாருங்க சார்” என்கிறார்கள். நீ தைத்துக்கொடுத்த ஆரஞ்சுப் பைதான். கணக்கர் பையைத் திறந்தால் உள்ளே தண்ணீர் பாட்டில் இருக்க வேண்டிய இடத்தில் யாருடைய கல்யாணத்திலோ கொடுத்த சுவர்க்கடிகாரம். ஷூ அவருடைய மகனுடையது, ஒரு சைஸ் சின்னது. குதிகாலை மடித்துப்போட்டுச் செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமையே முதல் கோஷ்டியோடு போய்விட்டார். பொது மேலாளர் காரில்தான் போவேன் என்று பிடிவாதமாகக் கிளம்பி, கேட்டுக்கு வெளியே இருந்த பள்ளம் வரை காரில் போனார்.

கோஷ்டி கோஷ்டியாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கடைசி ஆள் போன பிறகுதான் பாதுகாப்பு அதிகாரி கிளம்ப வேண்டும் என்று எழுதிவைத்தவன் நான். நானே மீற முடியாது. நகம் வெட்டியாகிவிட்டது. கால்விரல் இடுக்கில் வாஸ்லின் தடவிப் பார்த்துவிட்டேன். இரண்டு ஜோடி சாக்ஸ். ரோட்டுப் பாலம் வியாழன் மாலையே, இரண்டாவது ஆட்டத்தில் விழுந்துவிட்டது. அதனால் ரயில் பாலம் வழியாகச் சுற்றிவர வேண்டும். நாளைக் காலை கிளம்புகிறேன்.

வாலுவிடம் சொல், அவள் அப்பாவின் கையேடு கடைசியில் உருப்பட்டுவிட்டது என்று.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


திங்கட்கிழமை
நம் வீட்டு வாசல் (வாசல்தான் மிச்சம்)

என்னங்க,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் நலம் என்பதில் சந்தோஷம். நானும் நலம்தான். சமையலறைச் சுவர் தையல் மெஷின் மேல் சாய்ந்து படுத்திருக்கிறது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணி மொத்தமும் உள்ளே. தைத்து முடித்ததை மட்டும் எடுத்துவந்து பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குப் போர்த்தியிருக்கிறேன். ஒரே நிறத்தில் ஒரே மாதிரி தூங்குகிறார்கள்.

கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். “வாலுவிடம் சொல்” என்று எழுதியிருக்கிறீர்கள். வாலு உங்களோடு அல்லவா இருக்கிறாள்?

வியாழக்கிழமை ஆட்டம் நின்றதும் முதல் வேலையாக அவள் ஷூ மாட்டினாள். பையை எடுத்தாள். “அப்பா அரை மணி நேரத்துல கிளம்பிடுவார்மா, பங்க்ல போய்ப் பிடிச்சுக்கறேன்” என்றாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேலி செய்வீர்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் அலுவலகத்திலிருந்து வீடு வரை அவளை நடத்திக் கூட்டிவருவீர்களே, நான் பஸ்ஸில் வந்து பாலத்துக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் பங்கில் குடையோடு நிற்பேனே, அங்கே நின்றுதானே ஒவ்வொரு தடவையும் சொல்வீர்கள்: “எது நடந்தாலும் இங்கே வந்து நில்லு. நான் வர்ற வரைக்கும் நகராதே.” ஒரு தடவை சொன்னால் மறந்துவிடும் பெண்தான். நீங்கள் பல தடவை சொன்னீர்கள்.

நான்கு நாளாக நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ முகாமில் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்பவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொன்னேன்.

ஒருவேளை அங்கே வந்துவிட்டாளா? கோஷ்டி அனுப்பும் மும்முரத்தில் எழுத மறந்துவிட்டீர்களா? நீங்கள் மறக்கக்கூடியவர்தான். உடனே எழுதுங்கள். பேப்பர்காரருக்கு நான் பிஸ்கட் கொடுத்துவிட்டேன். நீங்கள் தனியாகக் கொடுக்க வேண்டாம், இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்கிறார்.

இப்படிக்கு,
நான்


செவ்வாய்க்கிழமை
அலுவலகம்

அன்புள்ள டைலரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாலு இங்கே வரவில்லை.

படித்ததும் கீழே போய்க் காவலாளியைக் கேட்டேன். பத்தொன்பது வயதுப் பெண், ஆரஞ்சுப் பை, வேகமாகப் பேசுவாள் என்று அடையாளம் சொன்னேன். அப்படி யாரும் வரவில்லை என்றார். மேலே வந்தேன். பையில் இருந்ததை எல்லாம் மேஜையில் எடுத்து வைத்தேன். திரும்ப உள்ளே வைத்தேன். பாட்டிலைக் கீழே வைத்தால் முதுகில் இடிக்கிறது, மேலே வைத்தால் பை ஒரு பக்கம் சாய்கிறது. இதைக் கையேட்டில் எழுதத் தவறிவிட்டேன்.

நான் அரை மணி நேரத்தில் கிளம்பியிருந்தால் அவளைப் பங்கிலேயே பிடித்திருப்பேன். பாலம் விழுவதற்கு அதற்குப் பிறகும் நேரம் இருந்தது. அவள் பங்கில் நின்றாளா, பொறுமை இல்லாமல் பாலத்தில் ஏறினாளா என்பதுதான் கேள்வி. அவள் எப்போது கிளம்பினாள், எவ்வளவு வேகமாக நடப்பாள், பாலம் எப்போது விழுந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். கணக்குப் போட்டால் விடை வரும். போடவில்லை.

பசிக்கிறது, சாப்பிடுகிறேன். பொது மேலாளர் இன்று நடந்தே போனார். அவருக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியவில்லை, நான் கட்டிவிட்டேன். முடிச்சு நன்றாக வந்தது.

இங்கிருந்து பார்த்தால் பாலத்தின் இந்தப் பக்கத் தூண்கள் தெரிகின்றன. பங்க் தெரியவில்லை, இடையில் புகை. நாளைக் காலை கிளம்புகிறேன்.

உன் வீட்டுக்காரன்


புதன்கிழமை

என்னங்க,

பேப்பர்காரரை நிற்க வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பங்குக்குப் போகிறேன். அந்த ரோட்டில் எனக்கு நடந்து பழக்கமில்லை, பஸ் ஜன்னலிலிருந்துதான் தெரியும். பக்கத்து வீட்டு அண்ணி, “தனியா போகாதே, அவர் வரட்டும்” என்கிறார். எவர் என்று கேட்டேன். பாவம், அவர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். இந்தப் பேப்பர்காரர் இரண்டு குடும்பத்தையும் பார்க்கத் தினம் ஒரு பக்கம் நடக்கிறார். நீங்கள் ஒரு குடும்பத்துக்காரர். எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவில்லை. வேறு தாள் இல்லை.

கடிதம் எழுதினால் பங்குக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

நான்


வியாழக்கிழமை
அலுவலகம்

அன்புள்ள டைலரம்மாவுக்கு,

எல்லாரும் போய்விட்டார்கள். நானும் காவலாளியும்தான். காவலாளிக்கு வீடு இதே கட்டடத்தின் பின்னால், அவர் எங்கேயும் போக வேண்டியதில்லை. ஆகவே விதிப்படி நான்தான் கடைசி ஆள். இனி யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். படிக்க ஆள் இல்லை.

காலையில் கிளம்பினேன். கேட் வரை போனேன். சாக்ஸில் ஒரு மடிப்பு இருந்தது. மடிப்போடு நடந்தால் கொப்புளம் வரும் என்று மேலே வந்து சரி செய்தேன். மறுபடி போனேன். தொப்பி. மறுபடி போனபோது காவலாளி, “என்ன சார், இன்னும் ஏதாவது விட்டுட்டீங்களா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். ஆமாம் என்றேன். மேலே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் கால்களில் ஒரு கோளாறும் இல்லை. வழியும் மனப்பாடம். ஆனால் ஒன்று. நான் இந்த நாற்காலியில் இருக்கும்வரை அவள் பங்கில் நிற்கிறாள். காற்றடிக்கும் மெஷின் பக்கத்தில், ஷூவால் தரையைத் தேய்த்துக்கொண்டு, நான் நேரமாக்கிவிட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. நான் நடக்க ஆரம்பித்தால் ஒரு இடத்தில் போய்ச் சேருவேன். சேர்ந்தால் பார்க்க வேண்டியிருக்கும்.

நீ போயிருக்கிறாய். நீ பார்த்திருப்பாய். பார்த்ததை எழுத வேண்டும் என்று இல்லை. எழுதாமலும் இருக்காதே.

பையில் இப்போது எல்லாம் சரியாக அமைந்துவிட்டது. முதுகில் இடிக்கவில்லை.

உன் வீட்டுக்காரன்


சனிக்கிழமை
பெட்ரோல் பங்க்

என்னங்க,

இருக்கிறாள்.

முதலில் இதை எழுதிவிட்டு, தாளைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொடர்கிறேன். நீங்களும் அப்படியே படியுங்கள்.

பங்கில்தான் நிற்கிறாள். பாலத்தில் ஏறவில்லை. நீங்கள் நகராதே என்றீர்கள், நகரவில்லை. கூரை பாதி விழுந்திருக்கிறது. விழுந்த பாதியில் ஒரு துண்டு அவள் தோளில் பட்டிருக்கிறது. இடது கையைத் தூக்க முடியவில்லை. பங்க்காரர் துணியால் தூளி மாதிரி கட்டிவிட்டிருக்கிறார். முகாம் வண்டி இரண்டு தடவை வந்து கூப்பிட்டதாம். டாக்டரிடம் போகலாம் என்றால், “நான் இல்லைன்னா அப்பா வந்து தேடுவார்” என்று ஏறவில்லையாம். நான் அழைத்தேன். அதே பதில். இழுத்துப் பார்த்தேன். ஒரு கை போதும் அவளுக்கு, என்னைத் தள்ளுவதற்கு.

வருகிற போகிறவர்களுக்கு ரயில் பாலத்துக்கு வழி சொல்கிறாள். ஆரஞ்சுப் பையைக் கண்டால் மட்டும் நிறுத்தி விசாரிக்கிறாள். உங்கள் கணக்கர் இந்தப் பக்கமாகத்தான் போயிருக்கிறார், செருப்பு மாதிரி ஷூவை இழுத்துக்கொண்டு. அவரிடம் கேட்டிருக்கிறாள். “சங்கு சாரா? நல்லா இருக்காரும்மா. பை செக் பண்ணிட்டு இருக்கார்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதாவது போன வாரமே அவளுக்குத் தெரியும், நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று, கால் நன்றாக இருக்கிறது என்று, இன்னும் கிளம்பவில்லை என்று. நம் இரண்டு பேரைவிட அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது பங்க்காரர், அவள் இல்லை. பங்க்காரரோடு ஜோக் அடித்துச் சிரிக்கிறாள். என்னைக் கண்டதும் அழுவாள் என்று நினைத்தேன். “குடை கொண்டு வரலையா?” என்றாள். அவ்வளவுதான்.

உங்கள் வியாழக்கிழமைக் கடிதத்தைப் பேப்பர்காரர் நேற்றுக் கொடுத்தார். அவளுக்குத் தெரியாமல் பங்குக்குப் பின்னால் போய் நின்று படித்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எனக்கும் இந்த வாரம் எதுவும் வருவதில்லை. கிழித்துப் போட்டேன், அதுகூடக் கோபத்தில் இல்லை, அவள் கையில் கிடைத்துவிடக் கூடாதே என்றுதான்.

திரும்பி வந்ததும் கேட்டாள். ஒரே ஒரு கேள்வி.

“கிளம்பிட்டாராம்மா?”

கிளம்பிவிட்டார் என்று சொல்லிவிட்டேன். எப்போது என்றாள். காலையிலேயே என்றேன். தலையாட்டினாள். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு, ரயில் பாலத்துப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். நேற்றிலிருந்து அந்தப் பக்கம்தான் பார்க்கிறாள்.

தோள் வீங்கியிருக்கிறது. இரவில் உடம்பு சுடுகிறது. நீங்கள் வந்த பிறகுதான் வண்டியில் ஏறுவாள். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று. பேப்பர்காரர் இனி பங்குக்கு வந்தால் முதலில் அவள் கண்ணில்தான் படுவார். உங்கள் கையெழுத்து அவளுக்குத் தெரியும். ஆகவே இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதீர்கள்.

நான்